முள் ஆடினால் முதலில் எதைத் தொடுவது?

(ஒரகடத்தில் தொழிற்பயிற்சி மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சின்னது. ஒரு பழைய ராணுவ லாரி. அதன் டேஷ்போர்டில் ஒரு டீசல் மீட்டர். அந்த மீட்டரின் முள் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது. அதை எப்படிச் சரிசெய்வது? இவ்வளவுதான் தலைப்பு. இதற்கு ஒரு கூட்டமா, இதற்கு ஒரு மேடையா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்றுதான் நான் சொல்லுவேன். ஏன் வேண்டும் என்பதை, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஊரிலிருந்தே தொடங்குகிறேன்.

1998இல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2010இல் இதே ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது, அப்பல்லோ டயர் ஆலை வந்தது. 2012இல் பாரத்பென்ஸ் லாரிகள் செய்யும் டைம்லர் ஆலை வந்தது. அடுத்த வருடம் ராயல் என்ஃபீல்டு வந்தது. வண்டிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் ஆய்வு மையமும் இங்கேதான் இருக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இந்த இடத்தில் நின்று பாருங்கள். புது வண்டிகளைச் சுமந்துகொண்டு டிரெய்லர்கள் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, ஒரு கேள்வி. வண்டி செய்யத் தெரிந்த ஊர் இது. வண்டியில் வந்த கோளாறைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்?

லைனில் நிற்கிற தம்பிக்கு ஒரு வேலை. மீட்டர் தொகுதியை எடுத்து வைக்கிறான், கனெக்டரைச் சொருகுகிறான், 'கிளிக்' என்று சத்தம் கேட்கிறது, அடுத்த வண்டி வந்துவிடுகிறது. அந்த ஒயரின் மறுமுனை எங்கே போகிறது, அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க அவனுக்கு நேரம் கிடையாது. அவனைக் குறை சொல்லவில்லை. லைன் அப்படித்தான் ஓடும். ஆனால் அதே பழக்கம் ஒர்க்ஷாப்புக்கும் வந்துவிட்டதே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. மீட்டர் தப்பாகக் காட்டுகிறதா? மாற்று. மறுபடியும் தப்பா? டேங்க் யூனிட்டை மாற்று. அப்படியும் சரிவரவில்லையா? ஒயரிங்கை மாற்று. காசு வண்டிக்காரனுடையது. மாற்றுவது வேறு வேலை, கண்டுபிடிப்பது வேறு வேலை. கண்டுபிடிக்கிற வேலையை எங்கே கற்றுக்கொள்வது? நான் சொல்லுவேன், பழைய ராணுவ லாரியில் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் ராணுவ லாரி? இன்றைய வண்டியில் டேங்கிலிருந்து வரும் கணக்கு நேராக முள்ளுக்குப் போவதில்லை. நடுவே ஒரு கம்ப்யூட்டர் உட்கார்ந்து, கூட்டிக் கழித்து, ஆட்டத்தையெல்லாம் அமுக்கி, ஒரு நிதானமான முள்ளை நமக்குக் காட்டுகிறது. உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பழைய ராணுவ லாரியில் எல்லாமே கண்முன்னால் இருக்கும். ஜெர்மனியின் மான் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து ஜபல்பூரில் 1959 முதல் செய்த சக்திமானை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் நம் எண்ணூரின் அசோக் லேலண்ட் கொடுத்த ஸ்டாலியனை எடுத்துக்கொள்ளுங்கள். பனியில் ஓட வேண்டும், பாலை மணலில் ஓட வேண்டும், போகிற இடத்தில் இருக்கிற ஆளே பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்தார்கள். சேவைக்காலம் முடிந்தபின் ராணுவ வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. வாங்குகிறவர் கிரேன் மாட்டுகிறார், தண்ணீர் டேங்க் மாட்டுகிறார், வண்டி இன்னொரு ஆயுளுக்கு ஓடத் தொடங்குகிறது.

இப்போது அந்தச் சுற்றைப் பாருங்கள். டேங்குக்குள் ஒரு மிதவை. பித்தளையில் செய்த உருளையாக இருக்கலாம், பிளாஸ்டிக்காக இருக்கலாம். மிதவையோடு ஒரு கம்பிக் கை. டீசல் ஏறினால் கை ஏறும், டீசல் இறங்கினால் கை இறங்கும். கையின் மறுமுனையில் ஒரு சின்னத் தகடு. அந்தத் தகடு, மயிரிழை போன்ற கம்பி சுற்றிய ஒரு பட்டையின் மேல் உரசிக்கொண்டு நகரும். எந்த இடத்தில் உரசுகிறதோ, அதைப் பொறுத்து மின்தடை கூடும், குறையும். இந்த முழுச் சாமானுக்குத்தான் டேங்க் யூனிட் என்று பெயர். அதிலிருந்து ஒரே ஒரு ஒயர் டேஷ்போர்டு மீட்டருக்குப் போகிறது. பேட்டரியிலிருந்து வந்த கரண்ட் சாவி வழியாக, ஃபியூஸ் வழியாக, மீட்டர் வழியாக, அந்த ஒற்றை ஒயர் வழியாக டேங்க் யூனிட்டுக்கு வந்து சேர்கிறது.

வந்து சேர்ந்த கரண்ட் எப்படித் திரும்புகிறது? இதைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் யோசிப்பார்கள். ஒயர் ஒன்றுதானே கண்ணுக்குத் தெரிகிறது! திரும்பும் வழி டேங்கின் இரும்பு. டேங்க் யூனிட்டின் மூடி, மூடியைப் பிடித்த ஸ்குரூ, டேங்க், டேங்கைக் கட்டிய பட்டை, சேசிஸ், சேசிஸிலிருந்து பேட்டரிக்குப் போகும் எர்த் கேபிள். பாதிச் சுற்று ஒயரில் இருக்கிறது, மீதிப் பாதி இரும்பில் இருக்கிறது. ஒயரில் இருக்கும் பாதியைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் மற்ற பாதியில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு வண்டியின் கதையைச் சொல்கிறேன். ஏலத்தில் எடுத்து, கிரேன் மாட்டி, இந்தப் பக்கத்துச் சாலையில் ரெக்கவரி வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு ராணுவ லாரி. அதன் சொந்தக்காரர் என்னிடம் வந்தார்.

"அண்ணே, முள்ளு ஒரு நேரம் முக்கா காட்டுது, ஒரு நேரம் கால் காட்டுது. மீட்டர் மாத்தியாச்சு, டேங்க் யூனிட் மாத்தியாச்சு, ஒயரும் புதுசா இழுத்தாச்சு. நடுரோட்டுல டீசல் தீர்ந்து, நானே இன்னொரு ரெக்கவரி வண்டியைக் கூப்பிட வேண்டியதாப்போச்சு."

டீசல் வண்டி எரிபொருள் தீர்ந்து நின்றால் என்ன ஆகும் என்று இங்கே இருக்கிற டிரைவர்களுக்குத் தெரியும். டீசலை ஊற்றிச் சாவியைத் திருப்பினால் போதாது. பைப்பில் ஏர் புகுந்துவிடும். ஃபீட் பம்ப்பைக் கையால் அடித்து, நட்டைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுக்க வேண்டும். இருட்டில், மழையில், பின்னால் டிரெய்லர்கள் ஹாரன் அடிக்க, அதைச் செய்து பார்த்தவர் இந்த முள்ளை ஒருநாளும் அலட்சியம் செய்யமாட்டார்.

நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "தம்பி, ராத்திரி ஹெட்லைட் போட்டா முள்ளு நகருதா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாண்ணே, நகருது. இண்டிகேட்டர் போட்டா அதோட சேர்ந்து முள்ளும் துடிக்குது."

நண்பர்களே, இந்த ஒரு பதிலில் பாதி விடை இருக்கிறது. இண்டிகேட்டருக்கும் டீசலுக்கும் என்ன சம்பந்தம்? டேங்குக்குள் இருக்கிற டீசல், இண்டிகேட்டர் எரிகிறபோது கூடி, அணைகிறபோது குறையுமா? குறையாது. அப்படியானால் இரண்டுக்கும் பொதுவாக ஏதோ ஒரு வழி இருக்கிறது. இரண்டும் ஒரே எர்த்தில் திரும்புகின்றன. அந்த எர்த்தில் எங்கேயோ அடைப்பு இருக்கிறது. விளக்கின் கரண்ட் அந்த அடைப்பில் முட்டும்போது அங்கே வோல்டேஜ் எழும்புகிறது, முள் இடம் மாறுகிறது. புதுச் சாமான் ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. விளக்கைப் போட்டு முள்ளைப் பார்த்தால் போதும்.

அடுத்து என்ன செய்தோம்? மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தோம், மறுமுனையை டேங்க் யூனிட்டின் மூடியில் வைத்தோம். சாவி போட்டு, விளக்கும் போட்டோம். எர்த் நன்றாக இருந்தால் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். கூடிப்போனால் பத்தில் ஒரு வோல்ட். இங்கே ஒரு வோல்டுக்கு மேல் ஏறி ஏறி இறங்கியது. மூடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு ஒயரைப் போட்டுப் பிடித்தோம். முள் அசையாமல் நின்றது.

பிறகு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ராணுவப் பச்சை. வண்டிக்கு ஒவ்வொரு முறை பெயின்ட் அடிக்கும்போதும் டேங்க், மூடி, ஸ்குரூ எல்லாவற்றுக்கும் சேர்த்தே அடித்திருக்கிறார்கள். பச்சைக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே இன்னொரு பச்சை. நகத்தால் சுரண்டினால் ஏடு ஏடாக வந்தது. அதற்கு மேல் கிரேன் மாட்டியவர்கள் மஞ்சள் அடித்திருந்தார்கள். மூடிக்கு அடியில் கார்க் கேஸ்கெட். கார்க் வழியாக கரண்ட் போகாது. மூடிக்கும் டேங்குக்கும் இருந்த ஒரே தொடர்பு ஸ்குரூ மரைதான், அதிலும் துரு. விளக்குகளின் எர்த் ஒயரையும் அதே ஸ்குரூவில்தான் கட்டியிருந்தார்கள். வண்டி குலுங்கும்போது மரை தொடும், விடும். முள் ஆடாமல் என்ன செய்யும்? டேங்க் யூனிட்டை மாற்றியவர் புது யூனிட்டை அதே துருவில், அதே பெயின்ட்டில் முறுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்தோம். மூடியின் ஸ்குரூவிலிருந்து சேசிஸுக்குத் தனியாக ஒரு எர்த் ஒயர் கட்டினோம். கட்டிய இடத்தில் துருப்பிடிக்காமல் இருக்க கிரீஸ் தடவினோம். வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். டேங்கைத் திறப்பதற்கு முன்னால் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். திறந்த டேங்க் பக்கத்தில் ஒயரை உரசித் தீப்பொறி பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சரி, விளக்கு போட்டும் முள் நகரவில்லை, எர்த்தும் சுத்தம். பிறகு எங்கே தேடுவது? முள்ளின் குணத்தைப் பாருங்கள். சில மீட்டர்கள் சூட்டால் வேலை செய்பவை. இரண்டு உலோகத்தை ஒட்டிய தகடு, அதைச் சுற்றி ஒரு கம்பி. கம்பி சூடானால் தகடு வளையும், முள் மெல்ல ஏறும். சாவி போட்டதும் சோம்பல் முறித்து எழுகிற முள் இது. இதற்குச் சீரான வோல்டேஜ் வேண்டும். அதற்காக டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்டெபிலைசர் இருக்கும். டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தாற்போல் தப்பு காட்டினால் டேங்கைத் தொடாதீர்கள், அந்த ஸ்டெபிலைசரைப் பாருங்கள். இன்னொரு வகையில் இரண்டு காந்தச் சுருள்கள் முள்ளை ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கும். இது சட்டென்று குதிக்கிற முள். பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் கவலைப்படாது, ஏனென்றால் இரண்டு சுருளும் சேர்ந்தே ஏறி இறங்கும். இந்த வகை முள், வண்டி வளைவில் திரும்பும்போது கொஞ்சம் ஆடினால் அது கோளாறே இல்லை. டேங்குக்குள் டீசல் அலைகிறது, மிதவையும் அலைகிறது. ஆனால் சூட்டில் நகரும் சோம்பேறி முள் திடீர் திடீரென்று இடம் மாறுகிறது என்றால், எங்கேயோ இணைப்பு நொடிக்கணக்கில் விட்டுவிட்டு வருகிறது என்று பொருள்.

மீட்டர் குற்றவாளியா, டேங்க் யூனிட் குற்றவாளியா என்று பிரிக்க எளிய வழி உண்டு. டேங்கிலிருந்து தள்ளி இருக்கும் கனெக்டரில் ஒயரைக் கழற்றுங்கள். நல்ல நிலையில் இருக்கிற வேறொரு டேங்க் யூனிட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஒயரை அதில் மாட்டுங்கள், அதன் உடம்பை எர்த் பண்ணுங்கள், கையை மெதுவாக ஏற்றி இறக்குங்கள். முள் கூடவே ஏறி இறங்கினால் மீட்டரும் ஒயரும் நல்லவை. டேங்குக்குள் இருப்பதைக் கழற்றலாம். கழற்றியதை ஓம் பார்க்கும்போது, டிஜிட்டல் மீட்டரைவிட முள் வைத்த பழைய மல்டிமீட்டர்தான் உதவும். கையை மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தால், தேய்ந்த இடத்தில் முள் ஒரு துள்ளு துள்ளும். பெரும்பாலும் எந்த இடத்தில் தேய்ந்திருக்கும்? நடுவில். எப்போதும் அரை டேங்கில் ஓடுகிற வண்டியில் தகடு அங்கேதான் வருடக்கணக்காக உரசிக்கொண்டிருக்கும். 'அரை டேங்க் வந்ததும் சட்டென்று காலி காட்டுது, கொஞ்ச நேரத்தில் சரியாகிடுது' என்று டிரைவர் சொன்னால், டேங்கைத் திறக்கும் முன்பே அந்தத் தேய்மானம் உங்கள் மனக்கண்ணில் தெரிய வேண்டும். மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே டீசல் குலுங்கினால் அது ஓட்டை மிதவை. அது மிதக்காது, முழுகும். டேங்க் நிறைந்திருந்தாலும் காலி என்றே காட்டும்.

இப்போது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'மரை பொருந்துது, மூடி பொருந்துது, போட்டுவிடலாம்' என்று சொல்லி ஒரு டேங்க் யூனிட்டைப் போடுகிறோமே, அது மீட்டருக்குப் பொருந்துகிறதா? ஜெர்மன் வழியில் வந்த யூனிட்டுகளில் ஒரு பிரபல வகை, டேங்க் காலியாக இருந்தால் 10 ஓம், நிறைந்திருந்தால் 180 ஓம். அமெரிக்க வழியில் ஒரு பிரபல வகை, காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஒன்றில் டீசல் ஏற ஏற ஓம் ஏறுகிறது. மற்றதில் டீசல் ஏற ஏற ஓம் இறங்குகிறது. மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? நிறைந்த டேங்கைக் குறைவு என்றும், காலி டேங்கை நிறைவு என்றும் காட்டும்.

துருவும் இந்த இரண்டு வகையில் இரண்டு விதமாகப் பொய் சொல்லும். எர்த்தில் துருப்பிடித்து 40 ஓம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10–180 வகையில் காலி டேங்க் 50 ஓம் காட்டும். முள் ஏறத்தாழ கால் டேங்கில் போய் நிற்கும். 200 லிட்டர் டேங்க் என்றால், 40 லிட்டருக்கு மேல் இருக்கிறது என்று நம்பி டிரைவர் பங்க்கைத் தாண்டிப் போய்விடுவார். 240–33 வகையில் அதே 40 ஓம், நிறைந்த டேங்கையே ஐந்தில் நாலு பங்கு என்று குறைத்துக் காட்டும். முன்னதுதான் ஆபத்தான பொய்.

லாரிதானே, நின்றால் தள்ளிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2005 ஆகஸ்ட் 6. இத்தாலியின் பாரி நகரிலிருந்து துனிசியாவின் ஜெர்பா தீவுக்கு 39 பேரோடு ஒரு ஏடிஆர் 72 விமானம் கிளம்பியது. அதற்கு முன்தினம்தான் அதன் எரிபொருள் மீட்டரை மாற்றியிருந்தார்கள். மாற்றிப் போட்டது ஏடிஆர் 42 என்ற சின்ன விமானத்தின் மீட்டர். உருவம் ஒன்றுபோல இருந்தது. இடத்தில் சரியாக உட்கார்ந்தது. கனெக்டர் பொருந்தியது. ஆனால் டேங்க் வேறு, கணக்கு வேறு. டேங்கில் இல்லாத எரிபொருளை இருப்பதாக அது காட்டியது. நடுக்கடலுக்கு மேல் இரண்டு எஞ்சினும் நின்றன. சிசிலிக்கு அருகே விமானம் கடலில் இறங்கியது. 16 பேர் இறந்தார்கள். கனெக்டர் 'கிளிக்' என்று பொருந்தினால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. தம்பிகளே, தங்கைகளே, ஒரு சாமானின் பார்ட் நம்பரைப் படிப்பதை எழுத்தர் வேலை என்று நினைத்து ஒதுக்காதீர்கள். இந்த மேடையிலிருந்து நான் உங்களிடம் மன்றாடிக் கேட்பது இது ஒன்றுதான்.

கனடாவில் 1983 ஜூலை 23இல் ஒரு போயிங் 767 பறந்துகொண்டிருக்கும்போதே எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற இடத்தில் எஞ்சின் இல்லாமல் மிதந்து இறங்கியது. அதில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். அங்கே மீட்டர் காட்டாமல் போனதற்குக் காரணம், சரியாகப் பற்றாத ஒரு சால்டரிங். மீட்டர் இல்லாததால் டேங்கில் அளவு பார்த்துக் கணக்குப் போட்டார்கள். கிலோவில் போடவேண்டிய கணக்கைப் பவுண்டில் போட்டுவிட்டார்கள். நம் லாரி டிரைவர்கள் குச்சி விட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம். ஆனால் அந்தக் குச்சியில் இருக்கும் கோடு அந்த டேங்குக்கு உரியதாக இருக்க வேண்டும்.

எரிபொருளே மீட்டரைக் கெடுத்த கதையும் உண்டு. 2004இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கத்தில் சில இடங்களில் விற்ற பெட்ரோலில் கந்தகம் கூடிப்போனது. டேங்க் யூனிட்டின் வெள்ளித் தொடுபுள்ளிகளை அது அரித்துவிட்டது. காலி டேங்க்கூட நிறைந்ததாகக் காட்டியது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான் இருக்கலாம். ஆனால் பழைய ராணுவ லாரியின் டேங்க் அதற்கு முந்தைய காலத்து டீசலில் வாழ்ந்தது. தொடுபுள்ளி கறுத்திருந்தால் ஆச்சரியப்படாமல் துடைத்துவிட்டு ஓம் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. கோளாறு தீர்ந்து, முள் ஆடாமல் நிற்கிறது. அது நிற்கிற இடம் சரியா? செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். முழு ஆழம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 12 அடி தண்ணீர் நின்றால் பாதி ஏரி என்று யாராவது சொல்லுவார்களா? கரை சரிந்து விரிந்திருக்கிறதே! டேங்கும் அப்படித்தான். மிதவைக்கு உயரம் மட்டும்தான் தெரியும், லிட்டர் தெரியாது. டேங்க் உருளையாக இருந்தாலோ, சேசிஸுக்கு இடம் கொடுக்க ஒரு மூலையை வெட்டியிருந்தாலோ முள் சொல்லும் கால் வேறு, உண்மையான கால் வேறு.

ஆகவே டேங்கை வடித்துவிட்டு, வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் ஐந்து லிட்டர் ஊற்றி, எஞ்சினுக்கு டீசல் போகும் பைப் எந்த அளவில் உறிஞ்சத் தொடங்குகிறது என்று பாருங்கள். டேங்கின் அடியில் கிடந்தும் பயன்படாத டீசல் எவ்வளவு என்பது அதில் தெரிந்துவிடும். பிறகு அளவு தெரிந்த கேனில் இருபது இருபது லிட்டராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அலை அடங்கும்வரை பொறுத்து, முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முள் காலிக்கோட்டைத் தொடுவதற்கு முன்பே பைப் காற்றை உறிஞ்சினால், மிதவையின் கம்பிக் கையை இம்மியளவு வளைத்து மறுபடி பாருங்கள். கோட்டுக்கு எதிரே லிட்டரை எழுதிய அந்த அட்டையை டிரைவர் தலைக்கு மேலே இருக்கும் சன்வைசரில் ஒட்டுங்கள். தேதியையும், போட்ட டேங்க் யூனிட்டின் பார்ட் நம்பரையும், அதன் இரண்டு ஓம் அளவுகளையும் அதிலேயே எழுதுங்கள். அடுத்து அந்த வண்டியைத் தொடப்போகிற மெக்கானிக் உங்களைப் பார்த்திருக்கமாட்டார், அவருக்கு அந்த அட்டைதான் துணை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மேசை மேல் மல்டிமீட்டரும் இரண்டு வகை டேங்க் யூனிட்டுகளும் வைத்திருக்கிறேன். வரிசையாக வந்து கையில் எடுத்து ஓம் பாருங்கள்.